"நான் ஒரு வரி கூட மாத்தலை": கன்டெய்னர் பில்டும் வெர்ஷன் சண்டையும்

மறைமலை நகர்ல இருந்து பேசுறேன். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி ஹாரன் நடுநடுவுல கேட்கும், முடிஞ்ச வரைக்கும் எடிட்டிங்ல குறைச்சிருக்கேன். எழுத்து வடிவத்துல படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த எபிசோடுக்குக் காரணம், உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி. ஆள் மாறுவாங்க, லேங்குவேஜ் மாறும், கேள்வி மட்டும் அப்படியே இருக்கும்: "அண்ணா, போன மாசம் பில்ட் ஆன டாக்கர் இமேஜ் இன்னைக்கு பில்ட் ஆகலை. நான் ஒரு வரி கூட மாத்தலை."

முதல்ல ஒன்னு சொல்லிடறேன். இதைச் சொல்ற ஆள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்றார். ஆனா ஆபீஸ்ல சீனியர்கள் நம்ப மாட்டாங்க. "எதையாவது மாத்தாம எப்படிப்பா உடையும்?" அப்படின்னு கேட்பாங்க. புதுசா சேர்ந்த பையனோ பொண்ணோ, கிட் லாக் எடுத்து நிரூபிக்க வேண்டிய நிலைமை. நிரூபிச்சாலும் பில்ட் ஓடாது. அதனால இன்னைக்கு, ஒரு வரி கூட மாத்தாம ஒரு பில்ட் எப்படி மாறுதுன்னு பார்ப்போம். அதுல தமிழ் எழுத்தோட வேலை செய்றவங்களுக்குத் தனியா ஒரு ஆபத்து இருக்கு. என்னைப் பொறுத்தவரை இந்த எபிசோடோட முக்கியமான பகுதி அதுதான், அதுக்கும் வர்றேன்.

ரொம்பச் சாதாரணமான டாக்கர்ஃபைல் ஒன்னை எடுத்துக்கலாம். முதல் வரி, ஃப்ரம் பைத்தான்:3.11. ரெண்டாவது வரியில் ஆப்ட்-கெட் அப்டேட், அதோட டெசராக்ட் ஓ.சி.ஆர்., அதுக்கான தமிழ் டேட்டா இன்ஸ்டால். மூணாவது வரியில் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை வச்சு பிப் இன்ஸ்டால். கடைசியா நம்ம கோடைக் காப்பி பண்றோம். நாலே வரி. பார்க்க ரொம்பத் தெளிவா, கல்வெட்டு மாதிரி தெரியும்.

இப்போ இதுல நீங்க முடிவு செஞ்சது எவ்வளவுன்னு எண்ணிப் பாருங்க. "பைத்தான்:3.11" என்பது ஒரு டேக், அதாவது ஒரு பெயர்ப்பலகை. அந்தப் பலகை எந்த இமேஜ் மேல தொங்கணும்னு முடிவு பண்றது அதைப் பராமரிக்கிறவங்க. ஆப்ட் எந்த டெசராக்டைக் கொடுக்கும்னு முடிவு பண்றது அந்த இமேஜுக்குள்ள இருக்கிற டெபியன். ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல நீங்க ஆறு பேக்கேஜ் எழுதியிருப்பீங்க, உள்ளே இறங்கறது இருபதுக்கு மேல இருக்கும். ஏன்னா அந்த ஆறும் தனக்கு வேண்டியதைத் தானே கூட்டிக்கிட்டு வரும். அதுல ஏதாவது ஒன்னு சோர்ஸ்ல இருந்து கம்பைல் ஆகணும்னா, கம்பைல் பண்ற கருவிகள் தனியா இறங்கும். அதோட வெர்ஷன் எங்கேயும் உங்க ஃபைல்ல இல்லை. கடைசியா, உங்க லேப்டாப் ஆப்பிளோட எம்1 சிப், சர்வர் இன்டெல்னா, ஒரே டேக் ரெண்டு இடத்துல ரெண்டு வேற இமேஜைக் கொடுக்கும்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்றது சுலபம். ஃபோர்டு கார் ஃபாக்டரி இருந்த ஊர் இது. அதைச் சுத்தி பாகம் செஞ்சு கொடுத்த ஷெட்டுகள் நிறைய. அந்த மாதிரி ஒரு ஷெட்ல வேலை பார்த்தவங்ககிட்ட "ஒரு போல்ட் கொடுங்க"ன்னு கேட்டா சிரிப்பாங்க. பார்ட் நம்பர் வேணும், டிராயிங்கோட ரிவிஷன் நம்பர் வேணும். அதுக்கும் மேல, அந்த இரும்பு எந்த உருக்குல இருந்து வந்ததுன்னு ஒரு ஹீட் நம்பர் இருக்கும். ரெண்டு போல்டும் ஒரே பார்ட் நம்பர், ஒரே கிரேடா இருக்கலாம். ஆனா ஒன்னு உடைஞ்சா, அதே ஹீட்ல வந்த மத்ததையும் தேடிப் பிடிக்க அந்த நம்பர் வேணும். நம்ம உலகத்துல வெர்ஷன் என்பது பார்ட் நம்பர் மாதிரி. ஹீட் நம்பருக்குச் சமமானது ஹேஷ். "எஸ்எச்ஏ256" அப்படின்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு எண் வருமே, அதுதான். நம்மில் பெரும்பாலானவங்க பார்ட் நம்பரைக்கூட முழுசா எழுதறதில்லை. "ஒரு போல்ட், கொஞ்சம் புதுசா இருந்தா போதும்"னு எழுதிட்டு, வண்டி ஏன் ஆடுதுன்னு கேட்கிறோம்.

சரி, நிஜமா நடந்ததுக்கு வருவோம். 2023 ஜூலை 17. சைத்தான் 3.0 வெளிவந்தது. பெயரைத் தமிழ்ல எழுதும்போதே பொருத்தமா அமைஞ்சு போச்சு, நான் என்ன பண்றது. பைத்தான் கோடை சி-யா மாத்தற கருவி அது. மறுநாள் உலகம் முழுக்க பில்டுகள் விழ ஆரம்பிச்சது. எரர்ல வந்த கடைசி வரி, "ஆட்ரிபியூட் எரர்: சைத்தான் சோர்சஸ்". பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க தங்களோட ஃபைல்ல சைத்தான்ங்கிற வார்த்தையையே எழுதியிருக்க மாட்டாங்க. அவங்க எழுதியிருந்தது பை-யாமல் == 5.4.1. அதாவது ரெண்டு ஈக்வல் போட்டு, சரியா, துல்லியமா. நம்ம எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கம் அதுதானே?

அப்புறம் ஏன் உடைஞ்சது? பை-யாமல் 5.4.1 வந்தது 2021 ஜனவரி. அப்போ இருந்த பைத்தான் வெர்ஷன்களுக்கு, 3.9 வரைக்கும், ரெடிமேடா கம்பைல் பண்ணின வீல் ஃபைல்கள் போட்டிருந்தாங்க. பைத்தான் 3.10 வந்தது அதே வருஷம் அக்டோபர்ல. பழைய பை-யாமலுக்குப் புது பைத்தானுக்கான வீல் கிடையாது. அதனால 3.10, 3.11 இமேஜ்ல பிப் என்ன பண்ணும்? சோர்ஸை இறக்கி, அங்கேயே கம்பைல் பண்ணப் பார்க்கும். அதுக்காக ஒரு தனி அறை மாதிரி தற்காலிக சூழல் ஒன்னை உருவாக்கி, கம்பைலுக்கு வேண்டியதை அதுக்குள்ள இறக்கும். அந்தப் பட்டியல்ல "சைத்தான்"னு மட்டும் இருந்தது, வெர்ஷன் இல்லை. ஜூலை 16 வரைக்கும் அது 0.29. 17-க்கு அப்புறம் 3.0. அவ்வளவுதான்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தத் தனி அறைக்கு உங்க ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் தெரியாது. சிலர் ரிக்வயர்மென்ட்ஸ்லயே சைத்தான் 3-க்குக் கீழேன்னு எழுதிப் பார்த்தாங்க. பலன் இல்லை. அது வெளி அறைக்குப் போற கட்டளை. அப்போ வேலை செஞ்சது, பிப் கன்ஸ்ட்ரெய்ன்ட் அப்படிங்கிற என்விரான்மென்ட் வேரியபிள். அது உள் அறைக்கும் போய்ச் சேர்ந்தது. புது பிப்ல இதுக்குன்னே பில்ட் கன்ஸ்ட்ரெய்ன்ட்னு தனி ஆப்ஷனே கொண்டுவந்துட்டாங்க, யூவி-யிலும் இருக்கு. பை-யாமல் பக்கம் மறுநாளே 6.0.1 வெளியிட்டு, சைத்தான் 3-க்குக் கீழேன்னு வரம்பு போட்டாங்க. ஆனா ஏ.டபிள்யூ.எஸ். கமாண்ட் லைன் கருவியோட பழைய முதல் வரிசை மாதிரி சிலது, பை-யாமல் 5.5-க்குக் கீழேதான் வேணும்னு பிடிவாதமா இருந்தது. அதைப் பயன்படுத்தினவங்களுக்கு 6.0.1 வந்தும் உடனே பிரயோஜனம் இல்லை.

அல்பைன் பேஸ் இமேஜ்ல இது இன்னும் மோசம். சாதாரண லினக்ஸ் வீல்கள் ஜிலிப்சி-க்காகச் செஞ்சது. அல்பைன்ல இருக்கிறது மசல் என்கிற வேற சி லைப்ரரி. அதுக்குத் தனி வீல் வேணும். அது இல்லாத பேக்கேஜ் எல்லாமே அங்க கம்பைல்தான். "அல்பைன் சின்னதா இருக்கு, அதனால நல்லது"னு காலேஜ்ல எல்லாரும் சொல்லித் தர்றாங்க. பைத்தான் வேலைக்கு நான் அதைச் சிபாரிசு பண்ண மாட்டேன். இருபது எம்.பி. மிச்சம் பிடிக்கப்போய் இருபது நிமிஷம் கம்பைலரைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்.

அதே வருஷம் செப்டம்பர் 30-ல வெர்க்சூக் 3.0 வந்தது. ஃப்ளாஸ்க் 2.2 மட்டும் பின் பண்ணி வச்சிருந்த எல்லாரோட ஆப்பும் "யூஆர்எல் கோட் என்பதை இம்போர்ட் பண்ண முடியலை"ன்னு விழுந்தது. ஃப்ளாஸ்க் 2.2 தன்னோட பட்டியல்ல வெர்க்சூக் குறைஞ்சபட்சம் இது இருக்கணும்னு சொல்லியிருந்தது, அதிகபட்சம் சொல்லலை. இதுக்கு விளக்கம் அவ்வளவுதான். இந்த ரகம் பிப் ஃப்ரீஸ் எடுத்து மொத்தப் பட்டியலையும் பூட்டினா போயிடும்.

இந்த மாதிரி சமயத்துல ஒரு காட்சியை நிறையப் பார்த்திருக்கேன். எரர் வந்ததும் ஒருத்தர் எல்லா == வரியையும் அழிச்சிடுவார். பில்ட் ஓடிடும். சந்தோஷமா கமிட் பண்ணிடுவார். இன்னொருத்தர் ஒவ்வொரு பேக்கேஜா ஒரு வெர்ஷன் இறக்கி, ஏத்தி, ஏதோ ஒரு சேர்க்கையில பச்சை வர்ற வரைக்கும் ஆடுவார். நான் இதுக்கு வெர்ஷன் தாயம்னு பேர் வச்சிருக்கேன். தாயம் விழுந்துடும், ஆனா ஏன் விழுந்ததுன்னு தெரியாது. அடுத்த தடவையும் உருட்டணும்.

சரி, "என் மெஷின்ல மட்டும் ஓடுதே, சி.ஐ.-ல ஓடலையே?" இதுல பொய் சொல்றது பெரும்பாலும் உங்க லேப்டாப்தான். டாக்கர் ஒவ்வொரு வரியோட விளைவையும் லேயரா சேமிச்சு வைக்கும். வரி மாறலைன்னா பழைய லேயரையே எடுத்துக்கும். ஆப்ட்-கெட் அப்டேட் என்ற வரி எழுத்துல மாறாது இல்லையா? அதனால உங்க லேப்டாப்ல அது நாலு மாசத்துக்கு முன்னாடி ஓடினதாவே இருக்கும். சி.ஐ. சர்வர் ஒவ்வொரு தடவையும் வெறும் கையோட ஆரம்பிக்குது, அதனால இன்றைய உலகத்தைப் பார்க்குது. யாராவது "மெஷின்ல ஓடுது"ன்னு சொன்னா, முதல்ல புல், நோ-கேஷ் ரெண்டும் போட்டு அவங்க லேப்டாப்லயே பில்ட் பண்ணச் சொல்லுங்க. பத்துல ஒன்பது தடவை அங்கேயும் உடையும். அப்பாடா, இப்போ ரெண்டு பேரும் ஒரே பிரச்சினையைப் பார்க்கிறோம்.

இப்போ டெபியன் பக்கம். உங்கள்ல சிலருக்கு கவர்மென்ட் கொடுத்த லேப்டாப் ஞாபகம் இருக்கும், அதுல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் வரும். சென்னை சி-டாக்ல செஞ்சது, அடித்தளம் டெபியன். டெபியனை நாம அப்பவே தொட்டிருக்கோம், தெரியாமலே. டெபியன் வெளியீடுகளுக்கு டாய் ஸ்டோரி படத்துல வர்ற பொம்மைகளோட பேர் வைப்பாங்க. 11-க்கு புல்ஸ்ஐ, 12-க்கு புக்வார்ம். 12 வெளிவந்தது 2023 ஜூன் 10. அதுக்குக் கொஞ்ச நாள்லயே, டாக்கர் ஹப்ல இருக்கிற பைத்தான்:3.11 என்கிற டேக் புல்ஸ்ஐ-ல இருந்து புக்வார்முக்கு நகர்ந்தது. பைத்தான் அதே 3.11. உங்க டாக்கர்ஃபைல் அதே எழுத்து. கீழே இருக்கிற தரை மட்டும் மாறிடுச்சு.

நம்ம நாலு வரி டாக்கர்ஃபைலுக்கு இதனால என்ன ஆகும்? புல்ஸ்ஐ-ல டெசராக்ட் 4.1.1. புக்வார்ம்ல 5.3.0. தமிழ் டேட்டா ஃபைல் இருக்கிற ஃபோல்டர், முன்னாடி பாதையில "4.00"னு இருந்தது, இப்போ "5"னு ஆயிடுச்சு. யாராவது டெஸ்டேட்டா ப்ரிஃபிக்ஸ் என்கிற வேரியபிள்ல பழைய பாதையை எழுதி வச்சிருந்தா, "தமிழ் ட்ரெய்ன்ட் டேட்டாவைத் திறக்க முடியலை"ன்னு நின்னுடும். அவங்க அதிர்ஷ்டசாலி. ஏன்னா தெரிஞ்சுபோச்சு.

பாதையை எழுதாதவங்களுக்கு எதுவுமே உடையாது. பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்னை ஸ்கேன் பண்ணி, முந்நூறு பக்கத்துல நூத்தைம்பது பக்கம் மே மாசம் ஓட்டியிருக்காங்க, மீதி ஜூலைல ஓட்டறாங்கன்னு வச்சுக்கோங்க. முதல் பாதி 4.1.1, ரெண்டாவது பாதி 5.3.0. புது வெர்ஷன் மோசம்னு நான் சொல்லலை. ஆனா ரெண்டும் ஒரே இடத்துல தப்பு பண்ணாது. மெய்ப்புப் பார்க்கிறவங்க முதல் பாதியைப் பார்த்து, "இந்த எழுத்து அடிக்கடி இப்படித் தப்பா வருது"ன்னு ஒரு பட்டியல் போட்டு, தேடி-மாத்தற ஸ்கிரிப்ட் வச்சிருப்பாங்க. ரெண்டாவது பாதியில அது பொருந்தாது. சரியா இருக்கிறதைக்கூட மாத்தி வச்சிடலாம். மனுஷங்களோட கண் உழைப்பு அது, திரும்ப வாங்க முடியாது.

டேட்டாபேஸ் பக்கத்துலயும் இதே கதை உண்டு. போஸ்ட்கிரெஸ் இமேஜும் அதே சமயத்துல புக்வார்முக்கு மாறினது. ஜிலிப்சி 2.31-ல இருந்து 2.36 ஆச்சு. எழுத்துகளை வரிசைப்படுத்தற விதி அந்த லைப்ரரிக்குள்ள இருக்கு. பேர்களை வரிசைப்படுத்தி வச்சிருக்கிற இண்டெக்ஸ் பழைய விதிப்படி கட்டினது, தேடறது புது விதிப்படி. போஸ்ட்கிரெஸ் 15 ஒரு எச்சரிக்கை காட்டும், "கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்"னு. அதை அடக்கறதுக்கான கமாண்டை இணையத்துல தேடி எடுத்து உடனே ஓட்டிடாதீங்க. முதல்ல ரீஇண்டெக்ஸ், அப்புறம்தான் ரெஃப்ரெஷ். வரிசை மாறினா, எச்சரிக்கை போயிடும், கெட்டுப்போன இண்டெக்ஸ் இருக்கும்.

இப்போ நான் ஆரம்பத்துல சொன்ன தமிழ் விஷயம். கூடுவாஞ்சேரி பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச மூணு பேர் டீம் ஒன்னு இருக்கு. சின்னச் சின்ன அச்சகங்களுக்கு ஒரு சேவை நடத்தறாங்க. அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதெல்லாம் போன்ல டைப் பண்ணினா டிசைனா வரும். முன்னோட்டம் போன் பிரவுசர்ல தெரியும். ஓகே சொன்னதும், சர்வர்ல ஒரு கன்டெய்னர் பில்லோ லைப்ரரியை வச்சு அச்சுக்கான பெரிய படத்தை வரையும். ஒரு நாள் இமேஜ் அளவைக் குறைக்கறதுக்காக, பைத்தான்:3.11-ஐ பைத்தான்:3.11-ஸ்லிம் ஆக்கினாங்க. பில்ட் பச்சை. டெஸ்ட் எல்லாம் பாஸ். பில்லோ வெர்ஷன் முன்னாடி என்னவோ அதேதான், ஹேஷ் முதற்கொண்டு.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு அச்சகத்துல இருந்து போன். தேர்த் திருவிழா நோட்டீஸ் ஐந்நூறு அடிச்சாச்சு. "தேர்" என்ற வார்த்தையில த முன்னாடி நிக்குது, இரட்டைக் கொம்பு அதுக்குப் பின்னாடி தொங்குது. "திருவிழா"வுல ரு-வோட சுழி தனியா விலகி நிக்குது. உபயதாரர் பட்டியல்ல ஒருத்தர் பேரும் படிக்க முடியலை. ஓகே சொன்னவரைத் திட்டவும் முடியாது, அவர் போன்ல பார்த்தப்போ சரியாத்தான் இருந்தது. பிரவுசர் தன்னோட சொந்த எழுத்துக்கோப்பு இன்ஜினை வச்சிருக்கு. திருவிழாவுக்கு நாள் நெருங்கிடுச்சு, நோட்டீஸ் திரும்ப அடிக்கணும், காகிதச் செலவு யார் தலையில? மூணு பேர்ல கடைசியா சேர்ந்தவரைத்தான் மத்த ரெண்டு பேரும் பார்த்தாங்க, ஸ்லிம் ஆக்கினது அவர். அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு போன் வந்தது.

என்ன நடந்தது? தமிழ் எழுத்தை வரையறதுக்கு, கேரக்டர்களை வரிசையா வச்சா போதாது. எ-கரக் கொம்பை மெய்க்கு முன்னாடி கொண்டுவரணும், ரு, கு மாதிரி சேர்க்கைகளுக்குத் தனி உருவம் எடுக்கணும். பில்லோவுல அந்த வேலையைச் செய்றது ராக்ம் என்கிற லைப்ரரி. பில்லோ 8.2-ல இருந்து வீலுக்குள்ளயே ராக்ம் வருது. ஆனா அதுக்கு ஃப்ரிபிடி என்ற இன்னொரு லைப்ரரி வேணும். அது வீலுக்குள்ள இல்லை. ஓடும்போது சிஸ்டத்துல இருக்கான்னு தேடும். இருந்தா ராக்ம். இல்லைன்னா, ஒரு சத்தமும் போடாம, பேசிக் என்ற எளிய முறைக்கு இறங்கிடும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு, இந்திக்கு, அரபிக்குப் போதாது.

முழு பைத்தான் இமேஜ்ல இமேஜ்மேஜிக், அதுக்கு வேண்டிய பாங்கோ, அதுக்கு வேண்டிய ஃப்ரிபிடின்னு சங்கிலியா எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் கேட்காமலே வந்தது. ஸ்லிம்ல அது கிடையாது. அவங்க ஃப்ரிபிடின்னு ஒரு பேரையே கேள்விப்பட்டதில்லை, ஆனா அவங்க தொழில் அது மேல நின்னுக்கிட்டு இருந்தது.

எல்டிடி போட்டுப் பார்த்தாலும் இது சிக்காது. ஃப்ரிபிடியை லிங்க் பண்ணலை, ஓடும்போதுதான் திறக்குது. நாங்க கண்டுபிடிச்சது வேற வழியில. நல்லவேளையா பழைய இமேஜ் ரெஜிஸ்ட்ரியில இருந்தது. பழசுக்குள்ள பிப் ஃப்ரீஸ் ஓட்டி ஒரு ஃபைல், புதுசுக்குள்ள ஓட்டி ஒரு ஃபைல், டிஃப் எடுத்தா ஒரு வித்தியாசமும் இல்லை. அப்போ பைத்தான் அடுக்குல பிரச்சினை இல்லைன்னு தெளிவாச்சு. அடுத்து ரெண்டுலயும் டிபிகேஜி-க்வெரி. அங்க நூத்துக்கணக்குல வித்தியாசம், அதை முழுக்கப் படிக்க முடியாது. ஆனா பிரச்சினை படம் வரையறதுலன்னு தெரியும் இல்லையா? பில்லோவுக்குத் தன்னைப் பத்தி ஒரு அறிக்கை கொடுக்கிற வசதி இருக்கு. பைத்தான் மைனஸ் எம் பில். பழசுல ராக்ம் இருக்குன்னு வந்தது, புதுசுல "ராக்ம் சப்போர்ட் இல்லை"ன்னு வந்தது. அங்க இருந்து ஃப்ரிபிடிக்குப் போக அஞ்சு நிமிஷம். திருத்தம் ஒரே ஒரு பேக்கேஜ் பேர், லிப்ஃப்ரிபிடி0, ஆப்ட் வரியில சேர்த்தது.

இந்த முறையை நான் எல்லாருக்கும் சொல்றேன். எரர் மெசேஜைக் கூகிள்ல போடறதுக்கு முன்னாடி, ஓடின இமேஜையும் ஓடாத இமேஜையும் பக்கத்துல வைங்க. எந்த அடுக்குல வித்தியாசம்னு மட்டும் முதல்ல பாருங்க. டெபியன் வெளியீடா, ஆப்ட் பேக்கேஜா, பைத்தான் பேக்கேஜா, சிப்பா. இதுக்காகவே பழைய இமேஜை அழிக்காம வச்சிருக்கணும். நிறைய இடத்துல செலவு மிச்சம்னு சொல்லி வாரத்துக்கு ஒரு தடவை ரெஜிஸ்ட்ரியைத் துடைச்சிடறாங்க. கடைசியா ப்ரொடக்‌ஷன்ல ஓடின மூணையாவது விட்டு வைங்கப்பா.

பூட்டறதைப் பத்தியும் பேசணும். பைத்தான் பேக்கேஜ்களை மொத்தமா ஹேஷோட பூட்டுங்க, பிப்-கம்பைல் இருக்கு, யூவி லாக் இருக்கு, இதுல யோசிக்க ஒன்னும் இல்லை. பேஸ் இமேஜுக்குக் குறைஞ்சபட்சம் டெபியன் பேரையும் சேர்த்து எழுதுங்க, பைத்தான்:3.11-ஸ்லிம்-புக்வார்ம்னு. இன்னும் உறுதி வேணும்னா டைஜெஸ்ட்.

ஆப்ட்ல மட்டும் ஜாக்கிரதை. பைத்தான்ல பழகின கையோட அங்கேயும் ஈக்வல் போட்டு துல்லிய வெர்ஷன் எழுதுவாங்க. டெபியன் சர்வர்ல பழைய பாதுகாப்பு வெர்ஷன்களை வரிசையா அடுக்கி வைக்க மாட்டாங்க, அடுத்த திருத்தம் வந்ததும் முந்தையது போயிடும். அப்போ நீங்க பூட்டின பூட்டே பில்டை உடைக்கும், அதுவும் பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்னைக்குத்தான். நிஜமாவே அதே பழைய நிலை வேணும்னா ஸ்னாப்ஷாட் டாட் டெபியன் டாட் ஆர்க் இருக்கு, தேதி கொடுத்தா அன்னைக்கு டெபியன் எப்படி இருந்ததோ அப்படியே கிடைக்கும். ஆயுள் முடிஞ்ச வெளியீட்டுல உட்கார்ந்திருந்தாலும் தொல்லைதான். டெபியன் 9, ஸ்ட்ரெட்ச், அதை 2023-ல வழக்கமான சர்வர்கள்ல இருந்து எடுத்து ஆர்க்கைவுக்கு மாத்தினாங்க. அன்னைக்கு வரைக்கும் ஓடின பழைய பில்ட் எல்லாம் 404-ல நின்னது.

பூட்டறதுக்கு ஒரு விலை உண்டு. டைஜெஸ்ட் போட்டு மறந்துட்டீங்கன்னா, ரெண்டு வருஷத்துப் பழைய ஓட்டைகளோட பத்திரமா உட்கார்ந்திருப்பீங்க. டிபெண்டபாட், ரெனோவேட் மாதிரி ஏதாவது ஒன்னு வாரா வாரம் தட்டி எழுப்பணும். அதை அமைக்க நேரம் இல்லாத காலேஜ் ப்ராஜெக்டுக்கு டைஜெஸ்ட் வேண்டாம்னுதான் சொல்வேன். டேக்கோட விட்டுட்டு, உடையும்போது பார்த்துக்கலாம். சம்பளம் வாங்கிற வேலைக்கு அப்படி விடக் கூடாது.

ஆனா பூட்டு எதுவும் அந்த நோட்டீஸைக் காப்பாத்தியிருக்காது, கவனிச்சீங்களா? எல்லாம் பூட்டித்தான் இருந்தது. தெரிஞ்சே பேஸ் மாத்தினாங்க. பில்லோ எழுதினவங்க மேலயும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவங்க டெஸ்ட்ல தேர்த் திருவிழா இருக்காது, நம்ம டெஸ்ட்லதான் இருக்கணும். இவங்க டெஸ்ட்ல "ஹலோ வேர்ல்ட்"னு வரைஞ்சு, ஃபைல் உருவாச்சான்னு மட்டும் பார்த்தது. எத்தனையோ தமிழ் ப்ராஜெக்ட்ல இதைப் பார்க்கிறேன்: வேலை முழுக்கத் தமிழ்ல, டெஸ்ட் முழுக்க ஆங்கிலத்துல.

அவங்க இப்போ செஞ்சு வச்சிருக்கிறது ரெண்டு. டாக்கர்ஃபைலோட கடைசியில ஒரு ரன் வரி, பில்லோவோட ஃபீச்சர்ஸ் செக்கைக் கூப்பிட்டு ராக்ம் இருக்கான்னு கேட்கும், இல்லைன்னா பில்ட் அங்கேயே விழும். ரெண்டாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. டெக்ஸ்ட் வரையற இடத்துல லேங்குவேஜ் = டிஏ அப்படின்னு தமிழுக்கான குறியீட்டைக் கொடுக்கிறாங்க. ராக்ம் இருந்தா அது மொழியை எடுத்துக்கும். இல்லைன்னா பேசிக் முறைக்கு மொழி தெரியாது, கீ எரர் கொடுத்து நின்னுடும். வாயை மூடிக்கிட்டு தப்பா வரையறதுக்குப் பதிலா, கத்திட்டு விழும். ஒரே ஒரு ஆர்கியுமென்ட்.

டெசராக்ட் ஓட்டறவங்க இதே மாதிரி, நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பக்கத்தை டெஸ்டா வைங்க. ஐ-காரம், ஔ-காரம், ஸ்ரீ, கிரந்தம், பழைய அச்சுல வர்ற யானைக்கொம்பு ஐகாரம் எல்லாம் அதுல இருக்கட்டும். பில்டுக்கு அப்புறம் ஓட்டி, முந்தைய அவுட்புட்டோட டிஃப் எடுங்க. வித்தியாசம் வந்தா தப்புன்னு அர்த்தம் இல்லை, யாராவது ஒருத்தர் கண்ணால பார்க்கணும்னு அர்த்தம்.

இந்த வாரம் நேரம் இருந்தா, உங்ககிட்ட ஓடிக்கிட்டு இருக்கிற ஏதாவது ஒரு இமேஜை எடுத்து, நோ-கேஷ் போட்டு இன்னைக்குத் திரும்ப பில்ட் பண்ணுங்க. பில்ட் ஆச்சுன்னாலும் விடாதீங்க, ரெண்டுலயும் பிப் ஃப்ரீஸ், டிபிகேஜி-க்வெரி எடுத்து டிஃப் பாருங்க. எத்தனை வரி வந்ததுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல சிலதை எடுத்துப் பேசலாம். மல்டி-ஸ்டேஜ் பில்ட் பத்தியும் அதுல வரும், கம்பைல் பண்ற அறையையும் ஓடற அறையையும் பிரிக்கும்போது எந்த லைப்ரரி வழியில தொலைஞ்சு போகுதுன்னு.